முன்னால் இழுத்த சீட்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

காலையில் கதவைத் திறந்தால் டிரைவர் சீட் கடைசிவரை பின்னால் தள்ளிக் கிடக்கிறது. உட்கார்ந்தால் பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. நடுக்கண்ணாடியில் வண்டியின் கூரைதான் தெரிகிறது.

என் குள்ளத்துக்கு ராஜபாளையத்து டிரைவர்கள் வைத்திருக்கும் பட்டப்பெயர் அரைப்படி. சீட்டை முட்ட முன்னால் இழுத்தால்தான் சமுத்திரம் என்கிற எனக்கு ஸ்டியரிங் எட்டும். நான் வண்டி ஓட்டும் வீட்டில் இவ்வளவு நீளக் கால் முதலாளி மகன் லிங்கேஸ்வரனுக்குத்தான். மில் கேட்டில் இடித்த பிறகு வண்டியைத் தொடக்கூடாது என்று சேதுபதி முதலாளி அவனிடம் சொல்லிவிட்டார். ஹால் ஆணியில் சாவியை மாட்டிவிட்டு ராத்திரி நான் மம்சாபுரத்தில் என் வீட்டுக்குப் போனதும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறான் போல.

நமக்கென்ன. சீட்டை இழுத்து, கண்ணாடியைத் திருப்பி, ஸ்டியரிங்கைத் துடைத்துவிட்டு முதலாளியம்மாவை மடவார் வளாகம் கோயிலுக்கு அழைத்துப் போனேன். திங்கள்கிழமை தவறாமல் போவார்கள்.

"நீ ஓட்டுனா வண்டி ஓடுறதே தெரியல, சமுத்திரம்."

இந்தத் தொழிலில் இதைவிடப் பெரிய பட்டம் கிடையாது. நாள் முழுக்க அதே நினைப்பு.

20 ஆகஸ்ட்

இன்றும் சீட் பின்னால்தான்.

3 செப்டம்பர்

மறுபடியும். டயரில் செம்மண் வேறு. பொறுக்க முடியாமல் லிங்கேஸ்வரனிடமே கேட்டுவிட்டேன். "தம்பி, எடுத்தா எடுங்க. சீட்டையாவது பழையபடி போட்டு வைக்கலாம்லா?"

சிரித்தான். "அதான் காலையில நீங்களே சரி பண்ணிருவீயள்லா அண்ணே."

நானும் சிரித்துவைத்தேன். ஏனோ அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. முதலாளியிடம் சொல்லலாமா? சொன்னால் அப்பனும் மகனும் நாளைக்கு ஒன்றாகிவிடுவார்கள், வேலை போவது எனக்குத்தான்.

14 செப்டம்பர், சனி

வண்டிக்குள் உட்கார்ந்தே எழுதுகிறேன். மனசு சரியில்லை.

நான் வருவதற்குள் வண்டியைக் கழுவியிருக்கிறார்கள். அந்த வீட்டில் ஒரு டம்ளரைக்கூட யாரும் கழுவமாட்டார்கள். இடப்பக்க விளக்கில் விரிசல். சீட் பின்னால். கை பழக்கத்தில் எல்லாவற்றையும் செய்துவிட்டேன் — சீட், கண்ணாடி, ஸ்டியரிங், கதவுப்பிடி. எல்லாம் முடித்து முன்பக்கம் துணி போடக் குனிந்தால் பம்பர் இடுக்கில் பால் வாடை. பச்சைப் பால்.

அப்போது முதலாளியம்மா உள்ளே சாப்பிடக் கூப்பிட்டார்கள். இத்தனை வருஷத்தில் எனக்கு வாசலில்தான் தட்டு. இன்று டைனிங் டேபிள். தோசை வைத்தார்கள், இன்னொன்று வைத்தார்கள், என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

வெளியே வந்ததும் என் வீட்டுக்காரி செல்வலட்சுமி போன் பண்ணினாள். எங்கள் தெரு சுயம்புலிங்கம் அண்ணன் விடிகாலையில் வழக்கம்போலப் பால்கோவாக் கடைகளுக்குப் பால் கொண்டுபோயிருக்கிறார். மம்சாபுரம் ரோட்டில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் போய்விட்டதாம். கேன் எல்லாம் ரோட்டில் உருண்டு கிடந்ததாம். மதுரைக்குக் கொண்டுபோகிறார்கள்.

கேட்டில் போலீஸ் ஜீப் வருகிறது.

17 செப்டம்பர்

ஜாமீனில் வந்துவிட்டேன். லைசன்ஸ் அவர்களிடம் இருக்கிறது.

அன்று நடந்தது இது. மம்சாபுரம் ரோடு பிரியும் விலக்கில் ஒரு கேமராவில் வண்டி நம்பர் தெரிந்திருக்கிறது, ஓட்டியவன் முகம் தெரியவில்லை. இன்ஸ்பெக்டர் கேட்டதும் முதலாளி யோசிக்கவே இல்லை. "நேத்து சாயந்தரம் இவன்தான் எடுத்துட்டுப் போனான் சார். இவன் வீடு மம்சாபுரம்." முதலாளியம்மா நிலைப்படியில் நின்றுகொண்டு தரையைப் பார்த்தார்கள். லிங்கேஸ்வரன் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தானாம்.

நான் இல்லை என்றேன். நேற்று பஸ்ஸில்தான் வீட்டுக்குப் போனேன், செல்வலட்சுமிக்குத் தெரியும் என்றேன். பெண்டாட்டி சாட்சியை யார் கேட்கிறார்கள்?

"உள்ள உக்காரு," என்றார் இன்ஸ்பெக்டர். உட்கார்ந்தேன். கால் பிரேக்கில் கச்சிதமாகப் பதிந்தது. கண்ணாடியில் பின்சீட்டு பளிச்சென்று தெரிந்தது.

"ஒனக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரில்லா இருக்கு."

"காலையில நான்தான் சார் முன்னால இழுத்தேன்."

"எதுக்கு இழுத்த?"

எந்த டிரைவரும் அதைத்தானே செய்வான். எனக்கிருந்த ஒரே சாட்சி அந்தச் சீட். அதை என் கையாலேயே — சே.

18 செப்டம்பர்

முதலாளி ஆள் அனுப்பினார். ஒத்துக்கொண்டால் குடும்பத்தைப் பார்த்துக்கொள்வாராம். "நான் ஓட்டல. அம்புட்டுத்தான்," என்று சொல்லி அனுப்பினேன். பயமாகத்தான் இருக்கிறது.

22 செப்டம்பர்

சுயம்புலிங்கம் அண்ணன் கண் திறக்காமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

24 செப்டம்பர்

போகவேண்டாம் என்றாள் செல்வலட்சுமி. கேட்கவில்லை, துக்கத்துக்குப் போனேன். யாரும் நகர்ந்து இடம் கொடுக்கவில்லை. அவர் பெண்டாட்டி கருத்தம்மாள் மதினி அழவும் இல்லை, ஏசவும் இல்லை.

"எறங்கி ஒரு வாய்த் தண்ணி குடுத்திருந்தா பொழச்சிருப்பாவ. ஒரே தெருவுல பொறந்துட்டு ஒனக்கு எப்படி மனசு வந்துச்சு?"

நான் இல்லை மதினி, நான் இல்லை, என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெயிலுக்குப் போனால்கூட ஒருநாள் வெளியே வந்துவிடலாம். இந்தத் தெருவில் நான் எப்படி நடமாடுவேன்?

28 அக்டோபர், திங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் வாய்தா. தள்ளிப் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குப் போக மனசில்லாமல் மடவார் வளாகம் பக்கம் நடந்தேன். கோயில் முன்னால் அதே வெள்ளை வண்டி, இடப்பக்கம் புது விளக்கு. பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் புது டிரைவர். பெயர் பாலகணேஷ். குழந்தை குட்டிக்காரன். என்னைவிட ஒரு விரல்கடைதான் உயரம்.

நான் யார் என்று சொன்னதும் ஒரு அடி விலகினான். அந்த வீட்டில் சொல்லிக் கேள்விப்பட்டிருப்பான்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கேன் தம்பி. காலையில நீ விட்டுட்டுப் போன எடத்துலதான் சீட் இருக்கா?"

யோசித்தான். "இல்லண்ணே. இன்னைக்குக்கூடப் பின்னாலதான் கெடந்துச்சு. நான்தான் முன்னால இழுத்து, எல்லாத்தையும் தொடச்சுட்டு வாரேன்."

இனிமேல் தொடாதே, முதலில் போனில் போட்டோ எடு என்று சொல்லவந்தேன். அதற்குள் முதலாளியம்மா குங்குமத்தோடு வந்துவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் நடை நின்றது. பிறகு வண்டியில் ஏறிக்கொண்டார்கள். பாலகணேஷ் கதவைச் சாத்திவிட்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

அவனும் நல்லாத்தான் ஓட்டுகிறான். ஒரு குலுக்கல் இல்லை. அம்மாவுக்கு வண்டி ஓடுவதே தெரிந்திருக்காது.