கதவுக்குக் கதவு ஓம்

கறிவேப்பிலைச் சாடியை இந்த வருடமும் உள்ளே எடுத்தாயிற்று. மார்க்கம் நகரில் ஒக்டோபரை நம்ப முடியாது; ஒரு நாள் உறைபனி விழுந்தால் இலையெல்லாம் கருகிவிடும். நிலத்தில் தண்ணீர் ஊறாமலிருக்கச் சாடிக்குக் கீழே நான் வைக்கும் மட்டை உமக்குத் தெரியும். நீர் தேர்தலில் நின்றபோது உம்முடைய பேர் போட்டு அச்சடித்த விளம்பர மட்டைதான். பச்சை எழுத்துகள் வெளிறிவிட்டன. சாடி நின்று நின்று கறுத்த வட்டம் உம்முடைய பேரின் நடுப்பகுதியைத் தின்றுவிட்டது. அதற்குப் பிறகும் இரண்டு பக்கமும் பேர் மிச்சம் இருக்கிறது, அவ்வளவு நீளம்.

அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வாசல் மணி அடித்தது. ஒரு தமிழ்ப் பிள்ளை நின்றாள், கையில் துண்டுப் பிரசுரம். நகரசபைத் தேர்தலில் நிற்கிற யாருக்காகவோ வந்திருந்தாள். "அன்ரி, இந்த முறை எங்களுக்குச் சப்போர்ட் பண்ணுவீங்களோ?" என்றாள். என் வாய் என்னைக் கேட்காமலே "ஓம், ஓம்" என்றது. அவள் சந்தோசமாகக் கைபேசியில் ஒரு சரி போட்டுக்கொண்டு படியிறங்கினாள். கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடிய முன்னம் அழுகை வந்துவிட்டது. அந்தச் சிரிப்பு எதற்கென்று தெரிந்த ஒரே ஆள் நீர். நீரும் இந்த வசந்தத்தில் போய்விட்டீர்.

நாங்கள் கடைசிவரை ஒருவரையொருவர் 'நீர்' என்றுதான் கூப்பிட்டோம். முதல் நாள், நாங்கள் அப்போது இருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக் கட்டடத்தில், உடுப்புத் தோய்க்கும் நிலக்கீழ் லோன்றியில், என் ஈர உடுப்புகளை மெசினிலிருந்து அள்ளி வெளியே வைத்துக்கொண்டிருந்த பெண்ணிடம், உம்மிடம்தான், பாய்ந்தேன்.

"நீர் ஆர் என்ரை உடுப்பிலை கை வைக்க?"

"மெசின் நிண்டு எவ்வளவு நேரம்? நீர் எங்கை போனனீர்?"

சண்டையில் வந்த 'நீர்' அப்படியே சிநேகிதமாகிவிட்டது. பிறகு நாங்கள் 'நீ' என்று இறங்கவும் இல்லை, 'நீங்கள்' என்று ஏறவும் இல்லை.

அந்தக் கட்டடத்தை இப்போது நினைத்தால் முதலில் வருவது மணம்தான். எலிவேற்றர் ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும்போது ஒவ்வொரு மணம்: பொரித்த மீன், சாம்பிராணி, ஜமேக்கா வீட்டுக் கோழிக்கறி, யாரோ கருக்கிய பால். ஆனால் எலிவேற்றர் ஓடினால்தானே மணம்! மூன்றில் இரண்டு எப்போதும் படுத்திருக்கும். கர்ப்பிணிகள் அரிசிப் பையோடு படியேறினார்கள். நீர்தான் மாடி மாடியாகப் போய் ஆட்களைச் சேர்த்தீர். தமிழர், பிலிப்பீன்ஸ்காரர், சோமாலியர், ஜமேக்கா மனிசிமார், எல்லாரும் உம்முடைய வீட்டு நிலத்தில் குந்தியிருந்து தேத்தண்ணீர் குடித்தார்கள். தேத்தண்ணீர் இல்லாமல் உமக்கு ஒரு கூட்டமும் நடத்தத் தெரியாது.

பிறகு நகரசபைக் குழு ஒன்றின் முன்னால் போய்ப் பேச உமக்கு நேரம் கிடைத்தது. நானும் துணைக்கு வந்தேன். மேசையைச் சுற்றி இருந்தவர்களில் எங்கள் நிறத்தில் ஒருவரும் இல்லை. தலைவராக இருந்தவர் தாளைப் பார்த்து உம்முடைய பேரை வாசிக்கத் தொடங்கினார், பாதியில் கைவிட்டார், 'அடுத்த அம்மணி' என்றார். நீர் எழுந்து உம்முடைய பேரை முழுதாக, ஆறுதலாகச் சொல்லிவிட்டுத்தான் எலிவேற்றர் கதைக்கு வந்தீர். அதற்குள் உமக்குத் தந்த நேரம் பாதி போய்விட்டது.

திரும்பி வர ஸ்றீட்காரில், தெருவில் ஓடும் அந்த ரயிலில், ஏறினோம். திடீரென்று "நான் நிக்கப்போறன்" என்றீர்.

"சீற் கிடக்கு, ஏன் நிக்கிறீர்? இரும்" என்றேன்.

"உந்தச் சீற் இல்லையப்பா. அங்கை கிடக்கிற சீற்."

எனக்கு விளங்க இரண்டு தரிப்பிடம் ஆயிற்று. விளங்கியதும் "உமக்கு விசரே?" என்று கேட்டேன். அடுத்த கிழமை உம்முடைய தேர்தல் வேலைக்கு நான்தான் பொறுப்பு. நான் சம்மதம் சொன்ன ஞாபகம் எனக்கு இன்றுவரை இல்லை.

மார்கிரட் எங்களோடு சேர்ந்தது அப்போதுதான். தெருவுக்கு அந்தப் பக்கம் செங்கல் வீட்டில் இருந்த, ஓய்வுபெற்ற நூலகர். வெள்ளைக்காரியென்றாலும் எங்கள் கட்டடத்துப் படிகளில் எங்களோடு மூச்சு வாங்க ஏறி இறங்கியவர். மட்டை அச்சடிக்கப் போகும்போது, பேரைக் கொஞ்சம் சுருக்கினால் ஆட்களுக்கு ஞாபகம் நிற்குமே என்று தயங்கித் தயங்கிச் சொன்னார். எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பஸ்ஸில் போகிறவன் வாசித்து முடிக்க முன்னம் பஸ் போய்விடும் என்றேன். நீர் அசையவில்லை.

"அது அப்பாவின்ரை பேர். வாசிக்கத் தெரியாட்டிப் பழகட்டும்."

தேவாலய மண்டபத்தில் நடந்த வேட்பாளர் கூட்டம் நினைவிருக்கிறதா? ஒரு மனிசி எழுந்து உம்மிடம் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் வென்றால் எல்லாருக்காகவும் பேசுவீர்களா, உங்கள் ஆட்களுக்காக மட்டும் பேசுவீர்களா? மேடையில் இருந்த மற்றவர்களை ஒருவரும் அப்படிக் கேட்கவில்லை. அவர்களுக்கு ஆட்களே இல்லைப்போலும். எனக்குக் கொதித்துக்கொண்டு வந்தது. எழும்பப் பார்த்தேன். மேடையிலிருந்தே நீர் என்னைப் பார்த்த பார்வையில் இருந்துவிட்டேன். பிறகு உம்முடைய ஆறுதலான ஆங்கிலத்தில் சொன்னீர்: எங்கள் எலிவேற்றருக்குக் காத்து நிற்கிறவர்கள் எல்லாரும் என் ஆட்கள்தான். நீங்கள் ஒரு நாள் என் வீட்டுக்குத் தேத்தண்ணீர் குடிக்க வாருங்கள். நீங்களும் காத்து நிற்பீர்கள். அன்றைக்கு நீங்களும் என் ஆள். மண்டபம் சிரித்தது. வெளியே வந்த பிறகு நீர் வலக் கையுறையை இடக் கையில் இழுத்துக்கொண்டு நின்றீர். கையுறையைப் போட்டுவிட்டதே நான்தான்.

எங்கள் சனமும் அதே கேள்வியைத்தான் கேட்டது, வேறு மாதிரி. கதவு திறந்ததும் முதல் கேள்வி: "நீங்கள் ஊரிலை எவடம்?" ஒரு ஊரைச் சொன்னால் மற்ற ஊர் முகத்தைத் திருப்பும். நீர் ஒவ்வொரு வாசலிலும் முகம் மாறாமல் "பதினேழாம் மாடி" என்று சொன்னீர். சிலர் சிரித்தார்கள். சிலர் என்னிடம் இரகசியமாக, "உண்மையா எவடமாம்?" என்று கேட்டார்கள். நானும் பதினேழாம் மாடி என்றேன்.

ஆனால் எல்லா வாசலிலும் ஓம் கிடைத்தது. "எங்களுக்கு வோட்டுப் போடுவியளோ?" "ஓம் ஓம், போடாமல்?" ஒரு கதவில்கூட இல்லை என்ற சொல் வரவில்லை. மார்கிரட் சொல்லித் தந்தபடி ஓமென்றால் ஒரு சரி போட்டுக்கொண்டு வந்தோம். எங்கள் தாள்களைப் பார்த்த மார்கிரட், இப்படி ஒரு கட்டடத்தை வாழ்நாளில் கண்டதில்லை என்றார். எனக்குத் தலைகால் தெரியவில்லை. வென்றுவிட்டோம் என்று மனதுக்குள் உமக்குச் சேலைகூடத் தெரிவுசெய்துவிட்டேன். அப்போது மார்கிரட் சாதாரணமாக ஒன்று கேட்டார்: இவர்கள் எல்லாரும் குடியுரிமை எடுத்தவர்கள்தானே?

நீர் என்னைப் பார்த்தீர். நான் உம்மைப் பார்த்தேன். அதை மட்டும் நாங்கள் ஒருவரிடமும் கேட்கவில்லை. எங்கள் கட்டடத்தில் எதையும் கேட்கலாம். சம்பளம் கேட்கலாம், ஏன் இன்னும் பிள்ளை இல்லை என்று கேட்கலாம். ஆனால் கையில் பேனையோடு ஒருவரின் வாசலில் நின்று 'பேப்பர் வந்திட்டுதோ' என்று கேட்க முடியாது. அந்த வருடங்களில் பாதிச் சனத்தின் அகதி வழக்கு முடியவில்லை. முடிந்தவர்களும் குடியுரிமைக்குக் காத்திருந்தார்கள். எங்கள் ஓம் இரண்டு வகை என்பதைப் பாவம் மார்கிரட்டுக்கு எப்படி விளங்கப்படுத்துவது? ஒன்று, செய்கிறேன் என்ற ஓம். மற்றது, நீ சொன்னது கேட்டது, என் வாசலுக்கு வந்த உன்னை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லை என்ற ஓம். நாங்கள் இரண்டையும் ஒன்றாகக் கூட்டிவிட்டோம்.

திரும்பப் போய்க் கேட்கத்தான் வேண்டியிருந்தது. ஐந்தாம் மாடியில் ஒரு அண்ணை இருந்தாரே, உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர். எங்களைக் கண்டதும் தேத்தண்ணீருக்குக் கேத்திலை அடுப்பில் வைத்தார். நீர் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டீர். அவரும் தரையைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னார்.

"எனக்கு வோட்டு இல்லை, தங்கச்சி. கேஸ் இன்னும் முடியேல்லை."

"அப்ப ஏனண்ணை ஓம் எண்டனீங்கள்?" கேட்டது நான்தான். என் வாய் அப்படி.

"இந்த நாட்டுக்கு வந்த நாள் துவக்கம் எல்லாரும் என்னட்டைப் பேப்பரைத்தான் கேட்டவை. என்ரை விருப்பத்தைக் கேட்டது நீங்கள்தான். அதுக்கு எப்பிடி இல்லையெண்டுறது?"

நீர் தேத்தண்ணீரை மிச்சம் வைக்காமல் குடித்து முடித்தீர். படியில் இறங்கும்போது நான் தொடங்கினேன். தேர்தலுக்கு நாள் இல்லை, இனி வோட்டு உள்ள வீடுகளுக்குத்தான் போகவேண்டும், தெருவுக்கு அந்தப் பக்கம், மரம் நிற்கிற வீடுகளுக்கு. நீர் மாட்டேன் என்றீர்.

"வோட்டு இல்லாட்டியும் எலிவேற்றர் பழுதெண்டா அவையும்தானே படியேறுகினம்?"

"வெண்டாத்தானே எலிவேற்றரைத் திருத்தலாம்! உம்மடை தேத்தண்ணியும் நீரும்!"

"அவையின்ரை கதவைத் தட்டாமல் வெண்டு போய், அங்கை ஆருக்காகக் கதைக்கிறது?"

படியில் வைத்து அன்றைக்குப் போட்ட சண்டையை இரண்டு மாடிக்குக் கேட்டிருக்கும். கடைசியில் தெருவுக்கு அந்தப் பக்கம் நானும் மார்கிரட்டும் போனோம். நீர் வோட்டு இல்லாத கதவுகளைத் தட்டிக்கொண்டு போனீர். இப்போதும் சொல்கிறேன், அந்தக் கிழமை நீர் எங்களோடு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் வோட்டு விழுந்திருக்கும். செத்துப்போனீர் என்பதற்காக உம்மோடு ஒத்துப்போக முடியாது.

வாக்களிப்பு நாள் வந்தது. நவம்பர் மழை, பாதி பனியாக விழுந்தது. வழக்கம்போல ஒரு எலிவேற்றர்தான் ஓடியது. விடியவே அதற்குள் ஐந்தாம் மாடி அண்ணை நின்றார், வேலைக்கு லீவு போட்டுவிட்டு. கதவைக் கையால் பிடித்துக்கொண்டு, "வோட்டுப் போடப் போறவை முதல் ஏறுங்கோ" என்று மாடி மாடியாகக் கூப்பிட்டார். வோட்டு இல்லாத இன்னொரு மனிசி வோட்டு உள்ளவர்களின் பிள்ளைகளை வைத்திருந்தார். வேறு யாரோ ஜமேக்கா ஆச்சி ஒருவரைக் கைத்தாங்கலாக, வாக்களிப்பு நடந்த பள்ளிக்கூடம்வரை கொண்டுபோய்விட்டார்கள். ஓம் என்று சொல்லிவிட்டோமே, எதையாவது செய்துதான் ஆகவேண்டும் என்று நினைத்தார்கள்போல. அன்றைக்குத்தான் உம்முடைய முகத்தில் முதல்தடவை அழுகையைக் கண்டேன். பனி பட்டது என்று சொன்னீர்.

தோற்றோம். வடிவாகத் தோற்றோம். நான் கோபத்தில் அழுதேன், நீர் எனக்குத் தின்ன றோல்ஸ் எடுத்துத் தந்தீர். "உம்மடை தேத்தண்ணிதான் எங்களைக் கவிட்டது" என்றேன். "நல்ல தேத்தண்ணி" என்றீர். வென்றவர் அடுத்த வசந்தத்தில் எங்கள் கட்டடத்துக்கு வந்தார். முன்பு ஒரு வேட்பாளரும் ஏறிப்பார்க்காத கட்டடம். அவர் வந்து பார்த்த பிறகு ஒரு எலிவேற்றர் திருத்தப்பட்டது. நீர் அதில் மேலும் கீழும் ஒரு தரம் போய்வந்தீர், சும்மா.

பிறகு நான் மார்க்கத்துக்கு வீடு வாங்கிக்கொண்டு வந்தேன். "அங்கை எலிவேற்றர் இல்லையே, ஆரோடை கதைப்பீர்?" என்று கேட்டீர். அப்போது சிரித்தேன். நீர் சொன்னது சரி, இங்கே அவரவர் காருக்குள் இருந்து கராஜுக்குள் போய்விடுகிறார்கள்.

உம்முடைய செத்தவீட்டுக்கு ஐந்தாம் மாடி அண்ணை வந்தார். தலை முழுக்க வெள்ளை. வாசலில் நின்ற உம்முடைய பெறாமகன், உம்முடைய தங்கச்சியின் மகன், மரியாதையாக, "நீங்கள் அவவுக்கு என்ன முறை?" என்று கேட்டான்.

"நான் அவவுக்கு வோட்டுப் போட ஏலாமப் போன ஆள், தம்பி."

குடியுரிமை கிடைத்த நாளிலிருந்து ஒரு தேர்தலையும் விடவில்லையாம். ஒவ்வொரு முறையும் வாக்குச் சீட்டில் உம்முடைய பேரைத் தேடிப் பார்ப்பாராம், இல்லையென்று தெரிந்தும். "நீளப் பேரெல்லோ, இருந்தா உடனை தெரியும்" என்றார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். அந்தக் கைதான் எலிவேற்றர் கதவைப் பிடித்தது.

அந்தப் பிள்ளை போனதும் கதவைச் சாத்தினேன் என்றேன் அல்லவா? திரும்பத் திறந்தேன். வீட்டுச் செருப்போடு வெளியே போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டு முன்கதவைத் தட்டிவிட்டு அதற்கு அடுத்த வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்றில் புதிதாக வந்த ஒரு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. அவர்களுக்குப் பக்கவாட்டில் தனிக் கதவு.

"அந்தப் பக்கக் கதவைத் தட்டேல்லையே?" என்று கூப்பிட்டுக் கேட்டேன்.

"இல்லை அன்ரி, அவங்க லிஸ்ற்றில இல்லை. அவங்களுக்கு வோட் இல்லை."

"தெரியும். தட்டும்."

தட்டு என்றல்ல, தட்டும் என்றுதான் சொன்னேன். உமக்குப் பிறகு நான் ஒருவரையும் நீர் என்று கூப்பிட்டதில்லை. எப்படி வந்ததென்று தெரியவில்லை. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போய்த் தட்டினாள். கதவு திறந்தது. நான் குளிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவள் கேட்டு முடிய முன்னமே உள்ளேயிருந்து பதில் வந்தது.

"ஓம், ஓம். முதல் உள்ளுக்கு வாங்கோ பிள்ளை, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."