நாடாவுக்கு அப்பால்

இன்று ஞாயிறு. விடிய எழும்பி, சவர்க்காரம் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்த பிறகுதான் நம் நாவலை எடுத்தேன். நீர், மீன் சந்தையிலிருந்து நேரே வரும் என்னைக் கிணற்றடிக்குத் துரத்துவீர். "ஐசே, சூடை மீன் கையோட அதைத் தொடாதையும்!"

நீலத் துணி அட்டை. விரலால் தடவினால் மட்டும் தெரிகிற மாதிரி அதில் அலைகளை அழுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு சின்னப் படகு. அத்தியாயம் போகப் போக அது கரையை விட்டுத் தள்ளிப் போகிறது. அதைக் கண்டுபிடித்தவன் நான், கச்சான் கடலை சுற்றி வந்த கடதாசியில் வாசிக்கப் பழகியவன். நீர் படித்த மனுசன், உம்முடைய கண்ணில் படவில்லை.

லிங்கநகரில் உம்முடைய விறாந்தையில் ஞாயிறுக்கு ஒரு அத்தியாயம். ஒரு பக்கம் நீர், ஒரு பக்கம் நான், சத்தமாக. துறைமுகத்தில் கப்பல் ஊதினால், புத்தகத்தின் நாடாவை அடையாளம் வைத்து நிறுத்திவிட்டுத் தேத்தண்ணி.

எந்தப் புத்தகம் வந்தாலும் கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிடுகிற கெட்ட குணம் உமக்கு. "முடிவு தெரிஞ்சாத்தான் ஆறுதலா வாசிக்கலாம்" என்பீர். பிறகு என்னைச் சீண்டுவீர்.

"சொல்லட்டே?"

"சொன்னீரெண்டால் இந்தப் படியிலை இனிக் கால் வைக்க மாட்டன்."

கடைசி அத்தியாயம் மட்டும் மிச்சம். அடுத்த ஞாயிறு வருமுன் நீர் செத்துப்போனீர்.

உம்முடைய மனைவி புத்தகத்தைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தார். "அண்ணை, இது உங்களுக்காம். நாடாவை இடம் மாத்த வேண்டாம் எண்டு சொன்னவர்." துவாயை மடித்துக் கையில் எடுத்தார். "டொக்டர் எப்பவோ கையை விரிச்சிட்டார், அண்ணை. உங்களுக்குச் சொல்ல வேண்டாமெண்டு இவர்தான் மறிச்சவர்."

கதையின் முடிவைச் சொல்லத் துடித்த மனுசன், இதை மட்டும் ஏன் ஐயா ஒளித்தீர்? முடிவு சொல்ல வேண்டாம் என்று நான் பிடிவாதம் பிடித்தது புத்தகத்துக்கு. உம்முடைய முடிவுக்கல்ல. இதை மன்னிக்க எனக்கு ஏலாது.

இன்று முதலாம் அத்தியாயத்திலிருந்து தொடங்கினேன். படகு கரையில் நிற்கிறது. உம்முடைய பக்கங்களையும் நானே வாசித்தேன், சத்தமாக. கப்பல் ஊதியது, நிறுத்தினேன்.

சிவப்பு நாடா நீர் விட்ட இடத்திலேயே கிடக்கிறது. அதற்கு அப்பால் நான் திறக்கவில்லை, திறக்கவும் மாட்டேன். முடிவு தெரிந்தவர் நீர். கேட்க மாட்டேன் என்று நின்றவன் நான்.

இப்போது கேட்கிறேன், ஐசே. சொல்லும்.