இடதுபக்கக் கால்மிதி

என்னங்க,

நீங்கள் போன பிறகு முதன்முறையாக இன்று காலை உங்கள் காரைக் கழுவினேன். கதவைத் திறந்ததுமே அந்த வாடை. சிகரெட்டு, மணத்துக்குப் போட்டுக் காய்ந்து கருத்த பாண்டான் இலை, லோரியில் செம்பனைக் குலை ஏற்றிவிட்டு அப்படியே வந்து உட்காரும் உங்கள் வியர்வை. மற்ற கதவுகளையும் திறந்துபோட்டேன். இறந்தவரைப் பற்றி இப்படி எழுதக்கூடாது என்பார்கள். அதை வாசனை என்று எழுத எனக்கு வரவில்லை.

நான் உட்காரும் இடதுபக்கத்தில், வலது கால் படும் இடத்தில், கால்மிதி ஓட்டையாகிக் கிடக்கிறது. அந்த ஓட்டை எப்படி விழுந்தது என்று உங்களுக்குத் தெரியும். புக்கிட் ரோத்தான் சாலையில் இரட்டைக் கோட்டைத் தாண்டி முந்துவீர்கள். எதிரே மோட்டார் வரும். நான் தரையை அழுத்துவேன்.

"அங்க என்ன பிரேக்கா இருக்கு? சும்மா வாடி" என்று சிரிப்பீர்கள். மஞ்சள் விளக்கைக் கண்டால் இன்னும் குஷி. "இப்பதான் எண்ணெய மிதிக்கணும்" என்று வேகத்தைக் கூட்டுவீர்கள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓடுகிற காரின் கண்ணாடியை இறக்கி, காறித் துப்புவீர்களே, அதை எப்படிப் பொறுப்பது? ஒருமுறை காற்று அதைத் திருப்பிக்கொண்டு வந்து பின்னால் இருந்த நம் மகளின் கன்னத்தில் அடித்தது. துப்பட்டாவால் துடைத்தேன். நீங்கள் பின்பார்வைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "தண்ணிதானே" என்றீர்கள். அந்தத் துப்பட்டாவை நான் மறுபடி போடவில்லை.

கூப்பிட்ட நேரத்துக்கு வந்து நிற்பீர்கள். அதையும் எழுதத்தான் வேண்டும். ஓட்டக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டால் மட்டும், "நான் இருக்கறப்ப ஒனக்கு எதுக்கு லைசென்?" என்பீர்கள்.

சாலை உங்களை ஒன்றும் செய்யவில்லை. நெஞ்சுவலியில், வீட்டு நாற்காலியிலேயே போனீர்கள். தோட்டத்து லயத்திலிருந்து கடைத்தெருவுக்கு பஸ் கிடையாது. கார்ச் சாவி உங்கள் தம்பியிடம் போனது. கிளினிக்குக்குப் போக வேண்டுமென்றால் அவரிடம் கெஞ்ச வேண்டும். அவரும் அதே சீட்டில் உட்கார்ந்து அதே மாதிரி துப்பினார். "ஓட்ட ஆளில்லாத காடி எதுக்கு அண்ணி? என் பேருக்கு மாத்திடலாம்லா" என்று போனவாரம்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பெயருக்கு மாறினால் ஆயுசுக்கும் நான் இடதுபக்கம்தான்.

அதனால்தான் லைசென்சுக்கு முதலில் எழுத வேண்டிய உண்டாங் பரீட்சைக்குப் பெயர் கொடுத்தேன். சாலை விதிகளைக் கணினியில் கேட்பார்கள், தமிழிலேயே எழுதலாம். மகள் என் போனில் கேள்விகளை இறக்கிக் கொடுத்தாள். நான் அவ்வளவாகப் படிக்கவில்லை. இத்தனை வருஷம் சாலையைப் பார்த்துக்கொண்டேதானே வந்தேன் என்ற தைரியம். தோற்றேன்.

வீட்டுக்கு வந்து மகளிடம் என் பதில்களைச் சொன்னேன். மஞ்சள் விளக்குக்கு வேகத்தைக் கூட்டலாம் என்றிருந்தேன். இரட்டைக் கோட்டில் ஹாரன் அடித்துவிட்டு முந்தலாம் என்றிருந்தேன்.

"ம்மா, இதெல்லாம் யாரு உங்களுக்குச் சொல்லிக் குடுத்தா?"

"ஒங்கப்பா."

அவள் சிரிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டாள்.

அதன்பிறகு ஒழுங்காகப் படித்தேன். ஒவ்வொரு கேள்வியிலும் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று நினைத்துப் பார்ப்பேன், அந்தப் பதிலை முதலில் ஒதுக்குவேன். நீங்கள் எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அப்படித்தான் பயன்பட்டது. இரண்டாம் முறை திரையில் தேர்ச்சி என்று வந்தபோது அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு சுலபமான விதிகளா, இவற்றைக்கூடவா இந்த மனுசன் மதிக்கவில்லை என்று.

நேற்று உங்கள் தம்பி நம் வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்தினார். சாவியை வாங்கி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். திருப்பித் தரமாட்டேன் என்றேன். அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"அண்ணன் இருந்தா இப்படிப் பேசுவீங்களா அண்ணி?"

"இருந்தா அவருக்கும் குடுத்திருக்க மாட்டேன்."

அது என் வாயிலிருந்துதான் வந்தது. எனக்கே கேட்கப் பிடித்திருந்தது.

டெட்டால் ஊற்றி சீட்டைத் துடைத்தாயிற்று. சாம்பல் கிண்ணத்தையும் அந்தக் கால்மிதியையும் குப்பையில் போட்டுவிட்டேன். உங்களிடமிருந்து எனக்கு மிச்சம் இந்த வலது கால்தான். டிவியில் லோரி வந்தால்கூட அது தானாகத் தரையை அழுத்துகிறது. அடுத்த வாரம் ஓட்டுநர் பள்ளிக் காரில் வலதுபக்கம் உட்காரப் போகிறேன். அங்கே காலுக்கடியில் பிரேக் இருக்கும்.