ஞாயிற்றுக்கிழமைக் கோழி

சித்திரை 10, புதன்

வெயில் கொளுத்துகிறது. கோழிச் செட் கூரைமேல் ஈரச் சாக்கு, உள்ளே விசிறி, தண்ணீரில் சூட்டுக்கு மருந்து. அப்படியும் காலையில் செத்த கோழி ஒரு கூடை. குழி வெட்டிப் புதைத்தாயிற்று.

செய்ய வேண்டியது: தீவனம் இறக்க ஆள். தண்ணீர் பைப் ஒழுகல். மகன் கவினுக்குச் செருப்பு.

கம்பெனி சூப்பர்வைசர் வந்து எடை பார்த்தார். "நல்லா ஏறுதுண்ணே. வெயிலுக்குத் தாக்குப்பிடிச்சுட்டா அடுத்த வாரம் லோடு ஏத்திரலாம்." குஞ்சு கம்பெனியுடையது. தீவனம், மருந்து எல்லாம் அவர்களுடையது. என்னுடையது செட்டும் நாற்றமும்தான்.

மதியம் தங்கச்சி செல்வி போன், மதுரை பழங்காநத்தத்திலிருந்து. ஒரே அழுகை. மாப்பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துச் சட்டையை எடுத்து மாட்டிவிட்டேன். கடைசியில் மாப்பிள்ளையே போனை வாங்கினார். "மச்சான், பாப்பா பெரிய மனுசி ஆயிட்டா."

செல்வி மகள் யாழினி. மூன்றாம் வகுப்புதான் முடித்திருக்கிறாள். பால் பல்லே இன்னும் முழுசாக விழவில்லை.

சித்திரை 11, வியாழன்

பழங்காநத்தம் போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை.

பிள்ளை தலையணையைக் கட்டிக்கொண்டு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, அம்மா என்னைய சைக்கிள் ஓட்ட விட மாட்டேங்குது. நீ சொல்லு மாமா."

செல்வி சமையலறைக்குள் கூப்பிட்டுக் குசுகுசுவென்று பேசினாள். மாடி வீட்டுக்காரர்களுக்குத் தெரியக்கூடாதாம். அவள் அடுப்படி எனக்குத் தெரியும். செக்கு எண்ணெய், நாட்டுச் சர்க்கரை, மருந்தடிக்காத கத்திரிக்காய், எல்லாம் இயற்கைக் கடையில்தான். மாப்பிள்ளை கேலி பண்ணுவார், இவளுக்கு ஊறுகாய்க்குக்கூட ஜாதகம் பார்க்க வேண்டும் என்று.

"எம்புட்டுப் பாத்துப் பாத்து வாங்குனேன்ணே. பாக்கெட்டுப் பண்டம் ஒண்ணு உள்ள விட்டதில்ல. கறிகூட கடையில வாங்குனதில்ல, நீ கொண்டாந்ததுதான்."

குத்திக் காட்டவில்லை. நம்பித்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

ஞாயிறு தவறாமல் கொண்டுபோவேன். உரித்து, வெட்டி, வாழை இலையில் கட்டி. எங்கள் செட்டுக் கோழி. எங்கள் வீட்டுச் சட்டியில் அது ஏறியதே இல்லை. கொல்லையில் மேய்கிற நாட்டுக்கோழிதான் எங்களுக்கு. இந்தப் பக்கம் செட் வைத்திருக்கிறவன் எல்லாம் அப்படித்தான். யாரும் பேசி முடிவு பண்ணியதல்ல, வழக்கம்.

சித்திரை 13, சனி

ஆஸ்பத்திரி. செல்வி, மாப்பிள்ளை, பிள்ளை, நான். ரத்தம் எடுத்தார்கள். கையை எக்ஸ்ரே எடுத்தார்கள். வயசு எட்டு, எலும்புக்குப் பதினொன்றாம்.

டாக்டரம்மா பொறுமையானவர். இப்போது மற்ற பிள்ளைகளைவிட உயரமாகத் தெரிவாளாம், ஆனால் சீக்கிரமே வளர்த்தி நின்றுவிடுமாம். தள்ளிப்போட ஊசி இருக்கிறது, மாதாமாதம், சில வருஷம். இன்னும் இரண்டு டெஸ்ட் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்றார்.

அவர்கள் வெளியே போனதும் நான் மட்டும் திரும்பிப் போய்க் கேட்டேன். "பிராய்லர் கோழி தின்னதுனாலயா டாக்டர்?"

"அப்படி ஒண்ணைச் சுட்டிச் சொல்ல முடியாதுங்க. உடம்பு எடை, பரம்பரை, சுத்தி இருக்கிற ரசாயனம், எவ்வளவோ இருக்கு. நிறையப் பிள்ளைங்களுக்குக் காரணமே தெரியறதில்ல. நீங்க போட்டுக் குழப்பிக்காதீங்க."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் தலையில் அடித்துக்கொண்டு அழுதிருப்பேன். இல்லை என்று சொல்லியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லை. இப்படியே கிட என்று விட்டுவிட்டார்.

யாழினிக்கு ரத்தம் எடுத்த இடத்தில் பஞ்சு. பஸ் ஸ்டாப் வரைக்கும் என் விரலைப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சித்திரை 14, ஞாயிறு

முதல் தடவை, ஞாயிற்றுக்கிழமை பழங்காநத்தம் போகவில்லை. செல்வியும் ஏன் என்று கேட்கவில்லை.

சூப்பர்வைசரிடம் கேட்டுவிட்டேன். "ஊசி போட்டு வளக்குறதா ஊரெல்லாம் பேசுறாங்களேப்பா?"

"நீங்கதானண்ணே ராப்பகலா கூடவே கிடக்கீங்க. தடுப்பு மருந்தத் தவிர என்னைக்காச்சும் ஊசியப் பாத்தீங்களா? ரகம் அப்படி. திங்கவும் பெருக்கவும்னே உண்டாக்குனது."

வாஸ்தவம்தான். நான் பார்த்ததில்லை. தீவன மூட்டைக்குள் என்ன என்றும் பார்த்ததில்லை.

"உங்க வீட்டுல என்ன கறி?"

சிரித்துவிட்டார். "எங்களுக்கு மீன்தான்ணே."

சித்திரை 17, புதன்

வெளியே தெரியாமல் வீட்டோடு யாழினிக்குச் சடங்குத் தண்ணீர் ஊற்றினார்கள். தாய்மாமன் சீர் இல்லாமல் முடியுமா. பச்சரிசி, உளுந்து, கருப்பட்டி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை, பூ. சேலை எடுக்க வேண்டுமாம். எட்டு வயசுப் பிள்ளைக்குச் சேலையை எங்கே சுற்றுவது. கடையில் கடைக்காரர், "அக்காவுக்கா, அண்ணிக்கா?" என்றார். பாவாடை சட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

என் மனைவி பாண்டி ஒரு சேவலைக் காலைக் கட்டிக் கூடையில் தூக்கிக்கொண்டாள். எனக்கு அப்போதே புத்தி வந்திருக்க வேண்டும்.

பச்சை முட்டையைக் குடிக்க வைத்தார்கள். பிள்ளை ஓங்கரித்தாள். "நான் ஒண்ணும் பண்ணலம்மா, எனக்கு எதுக்கும்மா இதெல்லாம்?" மாப்பிள்ளை எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விட்டார்.

செல்வி உளுந்தங்களி கிண்டிக்கொண்டிருந்தாள். பாண்டி கூடையைப் பக்கத்தில் வைத்தாள். வாய் நிறையப் பெருமை.

"இது நம்ம கொல்லையில மேஞ்சது செல்வி. பாப்பாவுக்கு அடிச்சுக் குடு, ஒடம்புக்குத் தெம்பு. கவினுக்கு இதத் தவிர வேற கோழிய நான் தொட விட்டதில்ல. அந்தச் செட்டுக் கோழிய யாரு திம்பா?"

கரண்டி நின்றது. செல்வி என்னைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கிண்டினாள். களி அடிப்பிடித்துவிட்டது.

பாண்டிக்கு ஒன்றும் உறைக்கவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில், "நல்லபடியா முடிஞ்சது" என்றாள்.

சித்திரை 18, வியாழன்

ஏன் கொடுத்தேன்? நாட்டுக்கோழி இருந்ததே ஏழெட்டு. சின்னப் பிள்ளை, மெல்ல வராது, மெத்தென்று இருக்கட்டும் என்று நினைத்தேன். ஆசையாகத்தான் கொண்டுபோனேன். தெரிந்தே கொடுத்திருந்தால் பாவி என்றாவது ஒரு பேர் இருக்கும். நான் யோசிக்கவே இல்லை. என் பிள்ளைக்கு மட்டும் யோசித்திருக்கிறேன்.

கவினைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. அவன் என்ன செய்வான்.

சித்திரை 20, சனி

விடியுமுன் லாரி வந்தது. கோழி எல்லாம் போயாயிற்று. எடை நன்றாக நின்றதாம், சூப்பர்வைசர் முதுகில் தட்டினார். எல்லாம் மதுரைக்குள்தான் போகும்.

செட்டைக் கழுவ ஆள் சொல்ல. சுண்ணாம்பு வாங்க.

சித்திரை 21, ஞாயிறு

அனல் காற்று. காலையிலேயே செல்வி வந்துவிட்டாள், தனியாக. சீர்த் தாம்பாளத்தைத் திருப்பிக் கொடுக்க வந்தாளாம். அதற்கு இம்புட்டுத் தூரம் யார் வருவார்கள். பாண்டி கடைக்குப் போயிருந்தாள்.

யாழினிக்கு ஊசி போடுவது முடிவாகிவிட்டது, செவ்வாய்க்கிழமை முதல் ஊசி. அதைச் சொல்லிவிட்டுச் செட் வாசலிலேயே நின்றாள். உள்ளே காலி. நாற்றம் மட்டும்.

"நான் சண்டைக்கு வரலண்ணே. டாக்டரே தெரியலங்குறாங்க, உன்னைய எப்படிச் சொல்லுவேன்? ஒண்ணே ஒண்ணு சொல்லு. கவினும் இதத்தான் தின்னான்னு சொல்லு. மதினி ஏதோ பெருமைக்குப் பேசுனாங்கன்னு சொல்லு. நான் நம்பிக்கிறேன்."

பொய்தான் கேட்டாள். அதை வாங்கிக்கொண்டு போகத்தான் பஸ் ஏறி வந்திருக்கிறாள். வாய் வரவில்லை. "வெயில்ல நிக்காத, வீட்டுக்கு வா, காப்பி குடி" என்றேன்.

தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். பிறந்த வீட்டிலிருந்து அவள் அப்படிப் போனதில்லை.

மாலையில் சூப்பர்வைசர் போன். அடுத்த குஞ்சு எப்போது இறக்கலாம் என்று கேட்டார். எப்ப வேணா இறக்குங்க என்றேன். அதற்கு மட்டும் வாய் வந்தது.