லாம்புப் பாட்டு

ஏப்ரல் 16, 2025
பிரதாபன் அண்ணை பிரதேச சபைத் தேர்தல் கேட்கிறார். சுயேச்சை. சின்னம் அரிக்கன் லாம்பு. "பில் கட்டாததால அவர் வீட்டுக் கரண்டை வெட்டினதுக்குப் பொருத்தமான சின்னம்" என்று ரியூசன் வகுப்பில் சொன்னேன். அது அவர் காதுக்கே போய்விட்டது. ஏச்சு விழும் என்று பார்த்தால், "யது, அந்த வாயால எனக்கொரு பாட்டு எழுதித் தாவன்" என்கிறார். அவருக்கு வேண்டியது வோட்டு, எனக்கு வருவது பாட்டு, நடுவில் ஒரு புரியாணி. ஓம் என்றுவிட்டேன்.

ஏப்ரல் 18
சொல் வந்துவிட்டது:
குளத்து ரோட்டுக் குழிக்குள்ள மீன்பிடிக்கிற ஊரே,
லாம்புக்கொரு புள்ளடி போடு, வெளிச்சம் வரும் நேரே!
மெட்டுத்தான் இல்லை. சினிமா மெட்டையெல்லாம் மற்றக் கட்சிக்காரர் அள்ளிவிட்டார்கள்.

ஏப்ரல் 19
மெட்டு எங்கள் குசினி அடுப்படியிலேயே கிடந்திருக்கிறது! அரிசி புடைக்கும்போது அம்மா வாய் திறக்காமல் முனகுவாரே, அதுதான். சொல்லே இல்லாத மெட்டு. என் சொல் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. என் வகுப்பு ஜெயந்தன் பாடுவான். மீசை முளைக்காத முகத்துக்கு அப்படி ஒரு கட்டைக் குரல்.

ஏப்ரல் 25
மெட்டுப் போட்டுக்கொண்டு பேக்கரிப் பாண் விற்கும் றிஃபாத் நானாவின் ஆட்டோதான் பிரசார ஆட்டோ. விடியப் பாண், பிறகு ஸ்டூடியோவில் பதிந்த லாம்புப் பாட்டு. பள்ளிக்கூடமே என் பாட்டைப் பாடுகிறது. "அவனுக்குப் போடுறதிலும் பார்க்க வோட்டைக் கிழிச்செறிவன்" என்ற கனகலிங்கம் ஐயாவும் வரம்பில் நின்று முனகுகிறார். வாயில் ஏறியது வோட்டுச் சீட்டில் புள்ளடியாக இறங்காமலா போகும்?
அம்மா இன்னும் கேட்கவில்லை. இந்தக் கிழமை முழுக்க அண்ணாவின் படத்தோடு கிளிநொச்சியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார் இருக்கும் கொட்டிலில். நாளைக்கு வீட்டில் நிற்பார். நானாவை எங்கள் ஒழுங்கைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஆளைத் திடுக்கிட வைக்க வேண்டும்.

ஏப்ரல் 26
எழுத வருகுதில்லை.
ஆட்டோ பாட்டோட ஒழுங்கை முடக்கில திரும்பி வந்தது. நான் வாயைப் பொத்திச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறன். குசினிக்குள்ள சுளகு விழுந்த சத்தம். அம்மா ஓடினா — செருப்பில்லாமல், படலையைத் தள்ளிக்கொண்டு — "கோகுலன்! கோகுலன்!"
அண்ணாவின்ர பேர். 2009 இல ஆமி பஸ்ஸில ஏத்திக்கொண்டு போன அண்ணா. அப்ப நான் அம்மாவின்ர வயித்துக்குள்ள.
நானா பயந்து பிரேக் அடிச்சார். அம்மா ஆட்டோவுக்குள்ள தலையை விட்டுத் தேடினா. "இந்தப் பாட்டைத் தந்தவன் எங்க தம்பி? இது நான் அவனுக்குக் கட்டின தாலாட்டு. அவனைத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது."
நானா என்னைப் பார்த்தார்.
"நான்தானம்மா குடுத்தனான்."
அம்மா ஏசேல்லை. எனக்குப் பின்னால இன்னும் ஆரும் நிக்கினமோ எண்டு பார்த்தா.
எனக்கு ஏன் அதை ஒருநாளும் பாடேல்லை?

ஏப்ரல் 27
பாட்டை நிறுத்தச் சொல்லிக் கேட்கப் போனேன். "அது இப்ப உன்ர பாட்டில்லையடி பிள்ளை, ஊரின்ர பாட்டு" என்று அனுப்பிவிட்டார் பிரதாபன் அண்ணை. வந்து சொன்னேன்.
"நிப்பாட்டாதை" என்றார் அம்மா. "ஊரூரா ஓடட்டும். எங்க இருந்தாலும் அவன்ர காதில விழும்."

மே 4
பிரசாரம் முடிந்தது. "இண்டைக்கு ஏன் சத்தத்தைக் காணேல்லை?" என்று அம்மா இரண்டாம் தரமும் கேட்டார்.

மே 7
லாம்பு வென்றுவிட்டது. புரியாணியும் வந்தது. "ஊரையே திருப்பிப்போட்டாயடி" என்றான் ஜெயந்தன்.
ஊரைத்தான். அண்ணாவை இல்லை.
புரியாணியை அவனிடமே கொடுத்துவிட்டேன்.

மே 13
சொல்லை எடுத்துவிட்டு மெட்டை மட்டும் போட முடியுமா என்று றிஃபாத் நானாவிடம் கேட்டிருந்தேன். "எந்த மெட்டுக்கும் பாண் பாண்தானே மகள்" என்றவர், ஸ்டூடியோவில் கேட்டு வாங்கி வந்திருந்தார். இன்று விடிய அதோடு ஒழுங்கைக்குள் வந்தார்.
அம்மா படலைக்குப் போனார். ஓடவில்லை. ஒரு பாணும் ஒரு சீனிப் பணிஸும் வாங்கினார். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான்; எனக்குப் பணிஸ் பிடிக்காதென்று அவருக்குத் தெரியும். மேசையில் வைத்துக் கோப்பையால் மூடிவிட்டு, புடைக்கப் போய்விட்டார்.
நான் ஒரு பகிடியும் விடவில்லை.