இன்டருக்குச் சமானம்

1965 ஜனவரி 12, செவ்வாய். செம்பூர்.

மயில் தூங்குகிறாள். பதினொரு மாதக் குழந்தை. பகலில் ஒரு மணி நேரம் தூங்கினால் பெரிது. அந்த ஒரு மணி நேரத்தில் இன்று பாத்திரம் தேய்க்கவில்லை, மனு நிரப்பினேன். பம்பாய் யூனிவர்சிட்டிக்கு. வேறு ஊரில் படித்த படிப்பை இங்கே எந்த வகுப்புக்குச் சமமாக எடுத்துக்கொள்வீர்கள் என்று கேட்கும் மனு.

என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: பாளையங்கோட்டையில் பி.யு.சி. ஒரு வருஷம், அதற்கு மேல் பி.ஏ. பொருளாதாரம் இரண்டு வருஷம். மூன்றாம் வருஷம் தொடங்க மூன்று வாரம் இருக்கும்போது கல்யாணம். இன்னும் ஒரே ஒரு வருஷம்— இந்த வாக்கியத்தை நான் ஒரு தடவையும் முடித்ததில்லை.

மனுவில் முதல் கட்டமே சர்நேம். நமக்கு ஏது அது? அப்பா பெயரின் முதலெழுத்தோடு சரி. காலையில் அவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டேன். "எம் பேரப் போடு. இந்த ஊர்ல அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு ஆபீஸுக்கு ஓடினார். கணேசபாண்டியன் சண்முகவடிவு என்று எழுதினேன். ஜவுளிக்கடைப் பலகை மாதிரி இருக்கிறது.

ஜனவரி 15, வெள்ளி

மனுவைக் கோட்டைப் பக்கம் யூனிவர்சிட்டி ஆபீஸில் கொடுத்துவிட்டு வந்தேன். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த மராட்டி குமாஸ்தா என் மார்க் பட்டியலை முன்னும் பின்னும் திருப்பினார். "இன்டர் பாஸ் எங்கே?" எங்கள் பக்கம் அந்த இரண்டு வருஷ இன்டர்மீடியட் இப்போது கிடையாது, ஒரு வருஷ பி.யு.சி.தான் என்றேன். நான் ஏதோ சாக்கு சொல்கிறேன் என்பது போல ஒரு பார்வை.

இரண்டு காகிதம் வேண்டுமாம். மெட்ராஸ் யூனிவர்சிட்டி என்னை விடுவிக்கிறது என்று மைக்ரேஷன் சர்டிபிகேட், நேராக இங்கே தபாலில் வர வேண்டும். பிறகு நான் என்னென்ன படித்தேன் என்று பாடத்திட்டம், முத்திரையோடு. அப்பாவுக்கு எழுதிவிட்டேன்.

போகும்போது ரயிலில் என் எதிரே நான்கு கல்லூரிப் பெண்கள் மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே வந்தார்கள். மஸ்ஜித் பந்தர் ஸ்டேஷன் வரை அவர்கள் புத்தகத்தின் பெயரைப் படிக்க முயன்றேன்.

பிப்ரவரி 11, வியாழன்

அப்பா கடிதம். ஹிந்தி எதிர்ப்புக் கலவரத்தில் கல்லூரிகள் மூடிக் கிடக்கின்றனவாம், ஆபீஸில் ஆள் இல்லையாம். 'பொறு மகளே' என்று முடித்திருக்கிறார்.

பொறுக்கத்தானே செய்கிறேன்.

மார்ச் 9, செவ்வாய்

சர்டிபிகேட் ரிஜிஸ்தர் தபாலில் போய்விட்டது என்று அப்பா எழுதியிருந்தார். ஓடினேன். "வரவில்லை."

மார்ச் 23

வரவில்லை.

ஏப்ரல் 6, செவ்வாய்

இன்று குழந்தையையும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அடுத்த வீட்டுப் பிச்சம்மாள் அக்கா தாராவியில் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். மறுபடியும் அதே ஜன்னல், அதே 'வரவில்லை'. மயில் வீல் என்று கத்தினாள். "சும்மா கெட பிள்ளே, ஒன்னால ஒரு காரியம் நடக்குதா" என்று அவளை அதட்டினேன். என்ன பாவம் செய்தாள் அவள்?

உள்ளே கடைசி மேஜையிலிருந்து ஒருவர் எழுந்து வந்தார். கண்ணாடி, நெற்றியில் சந்தனம். வேங்கடசுப்ரமணியன் என்று பெயர், மாட்டுங்காவில் வீடு.

"ஏம்மா, எந்தப் பேர்ல அப்ளிகேஷன் போட்ருக்கேள்?"

சொன்னேன்.

"படிக்கறச்சே என்ன பேர்?"

"என். சண்முகவடிவு. அப்பா பேரு நெல்லையப்பன்."

தலையில் அடித்துக்கொண்டு உள்ளே போனார். ஐந்து நிமிஷத்தில் ஒரு உறையோடு வந்தார். மார்ச் எட்டாம் தேதி முத்திரை! ஒரு மாதமாக இங்கேயே இருந்திருக்கிறது, வேறு அலமாரியில்.

"'ஜி' எழுத்து அலமாரியில ஒருத்தி, 'என்' எழுத்து அலமாரியில ஒருத்தி. ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் காத்துண்டிருந்திருக்கா. நம்ம மனுஷா எல்லாரும் பண்ற தப்புதாம்மா இது. எம் பொண்ணைக் கேளுங்கோ. பரீட்சைப் பாரத்துல என் பேரை சர்நேமாப் போட்டா கட்டம் தீந்துபோயிடறது, அவ பேருக்கு இடமில்லை."

சிரித்தேன். பிறகு அங்கேயே அழுதும் விட்டேன். மயில் என் முகத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

இரண்டு பெண்களும் ஒருத்திதான் என்று மாஜிஸ்திரேட் முன் சத்தியம் செய்து தர வேண்டும்.

ஏப்ரல் 13

செய்தேன்.

மே 18, செவ்வாய்

பதில் வந்துவிட்டது.

பி.யு.சி.யும் பி.ஏ. இரண்டு வருஷமும் சேர்ந்து — இன்டருக்குச் சமானம். ஜூனியர் பி.ஏ.யில் சேரத் தகுதி உண்டு.

ஜூனியர்! மூன்று வருஷத்தை இரண்டாக்கிவிட்டார்கள். நான் கேட்டது சீனியர், கடைசி வருஷம். இன்னும் ஒன்று என்று நான் இருந்தேன், இன்னும் இரண்டு என்கிறார்கள். அப்போ நான் அந்த வருஷம் முழுக்க என்னதான் செஞ்சேன்? பெஞ்சு தேச்சேனா? காலையில ஏழு மணிக்கு எந்திரிச்சு, ஈரத் தலையோட நடந்து போயி, உக்காந்து எழுதுனது எல்லாம் எங்க போச்சு?

மே 20, வியாழன்

வேங்கடசுப்ரமணியன் ஸாரைப் பார்த்துக் கேட்டே விட்டேன். அவர் என் பட்டியலைத் திருப்பி வைத்து விரலால் காட்டினார். "இங்கிலீஷ் பாஸ். தமிழ் பாஸ். எகனாமிக்ஸ் மார்க் எங்கே?"

எங்கள் ஊரில் முதன்மைப் பாடத்துக்குப் பரீட்சை மூன்றாம் வருஷக் கடைசியில்தான், எல்லாத் தாளும் ஒன்றாக. அதுவரை படிப்பதுதான்; மார்க் கிடையாது.

"நீங்க படிச்சேள்னு நான் நம்பறேம்மா. கமிட்டிக்கு நம்பிக்கையெல்லாம் இல்லை, காகிதம்தான். வருகைச் சான்று இருக்கு. வந்து உக்காந்தேள்னுதான் அது சொல்றது, தெரிஞ்சுண்டேள்னு சொல்லலையே."

கோபமே வரவில்லை. அவர் சொன்னது சரிதான். ஆனால் எனக்குத் தெரியுமே! இப்போது யாராவது தட்டி எழுப்பிக் கேட்டாலும் விலை ஏறினால் தேவை ஏன் இறங்கும் என்று படம் போட்டுக் காட்டுவேனே. எதில் போட? மாவுக்கையால் அடுக்களைச் சுவரிலா?

மே 27, வியாழன்

அப்பாவிடமிருந்து தந்தி மாதிரி ஒரு கடிதம். கல்லூரியில் போய்ப் பேசியிருக்கிறார். நேராக மூன்றாம் வருஷத்தில் சேர்த்துக்கொள்வார்களாம். ஆனால் இந்த ஜூன்தான். அடுத்த வருஷம் பாடத்திட்டம் மாறிவிடும். மைக்ரேஷனைத் திருப்பிக் கொடுத்தால் போதும். குழந்தையைக் கூட்டிக்கொண்டு வா, பத்தே மாதம் என்கிறார்.

அங்கே என் இரண்டு வருஷம் இரண்டாகவே இருக்கிறது. யாரும் ஒன்றைக் கழிக்கவில்லை.

இன்று முழுவதும் அந்த வகுப்பறையிலேயே இருந்தேன். மூன்றாம் வருஷத்துக்கு மாடியில் கோடி அறை; வேப்பமரம் ஜன்னலுக்குள் கிளையை நீட்டியிருக்கும். போகும்போதும் வரும்போதும் எட்டிப் பார்த்திருக்கிறேனே தவிர, உள்ளே ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

மே 29, சனி

அவரிடம் சொன்னேன்.

"போய்ட்டு வா. பத்து மாசம் கண்ண மூடித் தொறந்தா போயிரும். நான் மெஸ்ஸுல தின்னுக்கிடுதேன்."

"நெசமாத்தான் சொல்லுதீயளா, அத்தான்?"

"ஒனக்கு அது பூதம் மாதிரி கூடயே வருதுல்லா. முடிச்சுட்டே வா."

பிச்சம்மாள் அக்காவிடம் சொன்னதற்கு, "அங்க போனா ஒத்த வருசம், இங்க இருந்தா ரெண்டாக்கும்? இதுல யோசிக்க என்ன இருக்கு தாயி? ஒருக்கா தின்ன சோத்துக்கு மறுபடியும் எலை போடுவாளா ஒருத்தி?" என்றாள்.

இல்லைதான்.

மே 31, திங்கள்

நேற்று ஞாயிறு. அவர் திடீரென்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு தாதரில் ஒரு ஸ்டூடியோவுக்கு எங்களை அழைத்துப் போனார். மூன்று பேரும் சேர்ந்து போட்டோ எடுத்துக்கொள்ளப்போகிறோம் என்று நான் பட்டுப்புடவை கட்டிக்கொண்டேன். போட்டோக்காரர் மூன்று நாற்காலி போட்டார். "ஒண்ணு போதும்" என்றார் இவர். தனியாக உட்கார்ந்தார்.

வெளியே வந்ததும் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "பெருசாப் போடச் சொல்லிருக்கேன். அங்க சொவத்துல மாட்டி வையி. தெனம் தூக்கிக் காட்டு. பிள்ள பத்து மாசத்துல மூஞ்சிய மறந்துரும் பாரு."

அவர் தடுத்திருந்தால் போயிருப்பேன்.

ஜூன் 2, புதன்

அப்பாவுக்கு எழுதிவிட்டேன். வரவில்லை. இங்கே ஜூனியர் பி.ஏ.யில் சேர்கிறேன்.

தபால்பெட்டியில் கையை விட்டு எடுக்க முடியுமா என்று பார்த்தேன். முடியாது.

ஜூன் 21, திங்கள்

மாட்டுங்கா கல்லூரியில் முதல் நாள். காலை வகுப்பு, ஏழரையிலிருந்து பதினொன்று வரை. பக்கத்தில் இருந்த குஜராத்திப் பெண் என் தாலியைப் பார்த்துவிட்டு, டீச்சரா என்று கேட்டாள்.

பொருளாதாரப் பேராசிரியர் பலகையில் தேவைக்கோட்டை வரைந்தார். அதே கோடு. மேலிருந்து கீழாக, அதே சரிவு. மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். நான் என்ன எழுத? பிறகு நானும் எழுதினேன்.

ஒன்பது மணிக்கே பால் கட்டிக்கொண்டது. புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்தபோது பிச்சம்மாள் அக்கா மயிலை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். "எலை போட்டாச்சா?" என்றாள். "போட்டாச்சுக்கா." "அப்ப மிச்சம் வைக்காமத் தின்னு."

ஜூலை 7, புதன்

ரயில் தாமதம். முதல் பீரியட் போயிற்று. மழை.

ஜூலை 19, திங்கள்

மயிலுக்கு இருமல். நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்து வைத்துப் பார்க்கிறேன். கல்லூரிக்குப் போகவில்லை. பாளையங்கோட்டையில் இருந்தால் மட்டும் இருமாதா? இன்று அங்கே மாடி அறையில் என்ன நடத்தியிருப்பார்கள்?

ஆகஸ்ட் 12, வியாழன்

பொருளாதார டெஸ்ட் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். எழுபத்தொன்று. வகுப்பில் இரண்டாவது. என் பொருளாதாரத்துக்கு யாரோ மார்க் போடுவது இதுதான் முதல் தடவை. தாளை மடிக்காமல் நோட்டுக்கு நடுவில் வைத்து, மழை படாமல் கொண்டுவந்தேன்.

வந்ததும் மயில் ஓடி வந்து என் புடவையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்தாள். வெளியே கையை நீட்டி, "பாவூஸ்" என்றாள். "பாவூஸ், பாவூஸ்!"

எனக்குப் புரியவில்லை; பிச்சம்மாள் அக்காவிடம் கேட்டேன். "என்னக்கா சொல்லுதா?"

"மழையத்தான். மராட்டில அப்படித்தான் சொல்லுவாவ. எதுத்த ரூம்காரி பிள்ளைய தூக்கிவச்சு சொல்லிக்குடுத்தா. ஒடனே பிடிச்சுக்கிட்டா பாரு, ஒம் மவ! என்னா கெட்டிக்காரி! நாங்க எல்லாரும் கையத் தட்டுனோம்."

"எப்பக்கா, மொதல்ல எப்பச் சொன்னா?"

"பத்து மணி இருக்கும். அடிச்சு ஊத்துச்சுல்லா, அப்ப."

பத்து மணிக்குத்தான் தாள் கொடுத்தார்கள். எங்கள் வகுப்பிலும் ஜன்னல் உண்டு, மழை உள்ளே அடித்ததில் முன்வரிசைப் பெண்கள் கூச்சலிட்டு எழுந்தார்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அந்த எழுபத்தொன்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.