தாடியும் முகமூடியும்

மச்சான்,

இன்று காலை அலுவலகத்துக்கு ஒரு பெட்டி வந்தது. திறந்ததும் புது ரப்பர் மணம் மூக்கில் அடித்தது. உள்ளே முகமூடிகள், கதிரியக்கத் தூசு நுரையீரலுக்குள் போகாமல் தடுக்க, முகம் முழுவதையும் மூடும் வகை. அந்த மணத்தோடு நீயும் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டாய். அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அந்தத் தீவுத் திட்டம் இன்னும் முடியவில்லை. பெருங்கடல் நடுவே, ஒரு காலத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த தீவு. சிப்பாய்கள் போய் மேல்மண்ணைச் சுரண்டிப் புதைக்க வேண்டும்; பிறகு சனம் திரும்பலாம். பேர்லினில் இருந்து பாதுகாப்புப் பகுதியை எழுதிக் கொடுப்பது மட்டும்தான் நம் வேலை. முதல் கூட்டம் முடிந்து வெளியே வந்தபோது நீ சொன்னாய்: "ஆமி துப்புரவாக்கிற தீவெண்டா எங்களுக்குத் தெரியாததே, மச்சான்?" ஆமி வந்து சனத்தைத் துரத்திய ஊர்காவற்றுறைத் தீவில் பிறந்தவன் நீ. சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

போட்டுப் பார்க்காத முகமூடியைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதமாட்டாய். "எழுதிறவன் போடவேணும். போட்டுக்கொண்டு மாடி ஏறவேணும்" என்பாய். திட்டத்தை நடத்தும் ராணுவக் கேணலையே ஒருநாள் படியேற வைத்தாய். மனுசன் பாதியிலே கழற்றிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றே சிப்பாய்களின் வேலை நேரம் பாதியாகக் குறைந்தது.

இப்போது நீ செத்துப்போய்விட்டாய். கேணல் பழைய நேரத்தையே திரும்பக் கேட்கிறார். கப்பல் காத்திருக்காதாம், இது புது மாதிரி முகமூடியாம், மூச்சுவிட லேசாம். நாளைக்குக் கூட்டம். நான் தலையாட்டினால், வெயில் தாங்காமல் அந்தச் சிப்பாய்ப் பெடியள் அதைக் கழற்றுவார்கள், அந்தத் தூசைச் சுவாசிப்பார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான்.

போட்டுப் பார்க்கலாமென்றால் தாடி குறுக்கே நிற்கிறது. உனக்குக் கொள்ளி வைத்தவன் நான். கொள்ளி என்று பெயர்தான். இங்கே மின்சுடலையில் ஒரு பொத்தானை அமத்தினேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து சவரம் செய்யவில்லை. தாடிக்கு மேல் முகமூடி ஒட்டாது, ஓரத்தால் காற்று நுழையும். வேறு யாரையாவது போடச் சொல்லலாம்தான். ஆனால் உன் சட்டம் உனக்குத் தெரியும்.

ஹம் நகரில் இருக்கும் உன் அக்காவுக்குப் போன் எடுத்து, தாடியை வழிக்கலாமா என்று கேட்டேன்.

"ஏலாது தம்பி. முப்பத்தொண்டாம் நாள் கிரியை முடியுமட்டும் ஷேவ் எடுக்கிறேல்லை. வழக்கம் தெரியாதே?"

காரணத்தைச் சொன்னேன். அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அந்தப் பெடியளுக்கும் தாய்மார் இருக்கினம்தானே," என்றார். "எடுங்கோ. அவன் இருந்திருந்தா உங்களைப் பிடிச்சு வைச்சுத் தானே வழிச்சு விட்டிருப்பான்."

அலுவலகக் கழிவறையிலேயே வழித்தேன். வழிக்கும்போது அழுகை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது. பிறகு முகமூடியைப் போட்டுக்கொண்டு படியேறினேன். மூன்றாம் மாடியில் கண்ணாடிக்குள் வியர்வை இறங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது, கை தானாகவே பட்டிக்குப் போனது. கழற்றவில்லை. ஆனால் இது குளிர்ந்த பேர்லின். வெயிலில், கையில் மண்வெட்டியோடு, நானென்றால் கழற்றியிருப்பேன். பழைய நேரத்துக்குச் சம்மதமில்லை என்று எழுதிவிட்டேன். நாளைக்குக் கேணலுக்கும் ஒன்று எடுத்துப் போகிறேன். அவரும் ஏறட்டும்.

வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தேன். வழித்த முகத்தைச் சுற்றி ரப்பர் பதிந்த தடம் இன்னும் சிவந்திருக்கிறது. தாடிக்குப் பதிலாக, முப்பத்தொன்று வரை உனக்காக நான் வைத்திருக்க வேண்டியது இதுதான் என்று நினைக்கிறேன்.